முதல் வாரம் என் மேசை காலி

எங்கள் கால்பந்து கிளப்புக்குப் புதியவர் ஒருவர் வருகிறார். முன்பெல்லாம் கோச் என்போம். இப்போது மேனேஜர் என்று சொல்ல வேண்டுமாம். வரவேற்பு விழா உண்டு, விழா மலர் உண்டு. மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி செக்ரட்டரி போன் செய்தார். அவர் ஸ்ரீவராகம் பகுதிக்காரர், தொழிலில் ஆடிட்டர், பந்தைக் காலால் தொட்டதில்லை.

“சாரே, பழைய ஸ்டாஃப்ல நீங்கதான் சீனியர். புது மேனேஜரைப் பத்தி நன்னா ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்கோ. பாசிட்டிவா இருக்கணும், கேட்டேளா?”

“நான் அவரைக் கண்ணால பாத்ததே இல்லியே.”

“அதனாலென்ன? நாங்களும் நேர்ல பாக்கலை. வீடியோ கால்லதான் பாத்தோம். ஆள் பிரமாதம்!” என்றவர், நான் போனை வைப்பதற்குள் சேர்த்துச் சொன்னார்: “நம்ம இசக்கிதான் பூச்செண்டு குடுக்கப் போறான். பழைய பிளேயர் ஒருத்தன் கையால குடுத்தா ஒரு இது இருக்குமோல்லியோ?”

இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் நானும் இரண்டு பொய் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இசக்கி பெயரைக் கேட்ட பிறகு முடியவில்லை. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் அந்த கிளப்பில் இருபத்தாறு வருஷம் பிசியோவாக இருந்தேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அப்பா காலத்திலேயே எல்லை தாண்டிக் கரமனைக்கு வந்துவிட்டோம். டிப்ளமா முடித்து, ஆஸ்பத்திரி ஒன்றில் பக்கவாதக்காரர்களுக்குக் கையைக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். அவசரத்துக்கு ஒரு மேட்சுக்கு ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள், போனேன், திரும்பவில்லை. என் படிப்புக் கதை அவ்வளவுதான். கிளப்பில் எனக்கென்று இருந்தவை ஓர் அறை, ஆளைப் படுக்க வைத்துப் பார்க்க ரெக்சின் போட்ட ஒரு மேசை, தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு. நோட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் சில பக்கங்கள். எந்தக் கால், எந்த இடம், எந்தத் தேதி, எவ்வளவு நாள் ஓய்வு, எல்லாம் அதில் இருக்கும்.

என் காலத்தில் ஒன்பது கோச்சுகள் வந்தார்கள். ஒன்பது பேரும் போனார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த கமிட்டி மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தத் தேர்வின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் விடுதிக்குச் சமையல்காரர் வைத்தார்கள். வந்தவரை இரண்டு நாள் சமைக்க வைத்தார்கள். கமிட்டி மொத்தமும் உட்கார்ந்து சாப்பிட்டது. அவியலில் தேங்காய் கூடுதல் என்று ஒருவர், மீன்கறியில் புளி போதாது என்று இன்னொருவர். அவர் முன்பு வேலை பார்த்த இடத்துக்கே ஆள் அனுப்பி விசாரித்தார்கள். அதே வருஷம் கோச்சும் வைத்தார்கள். திரையில் நாற்பது படம் காட்டினார். அம்புக்குறிகள் மேலும் கீழும் ஓடின. தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஜெயித்துத் தருவீர்களா?” தருவேன் என்றார் வந்தவர். கை தட்டினார்கள். முன்பு இருந்த இடத்தில் எத்தனை பையன்கள் கால் ஒடிந்து கிடந்தார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மீன்கறிக்கு இருந்த மதிப்பு முட்டிக்கு இல்லை.

புதுக் கோச் என்றால் பத்திரிகைக்காரர்கள் என்னென்னவோ ஆபத்து எழுதுகிறார்கள். உத்தி பொருந்தாமல் போகலாம், பழைய ஆட்டக்காரர்கள் முரண்டு பிடிக்கலாம், பாஷை புரியாமல் போகலாம் என்றெல்லாம். அவர்கள் எழுதாத ஒன்று எனக்குத் தெரியும். புதுக் கோச் வந்த முதல் வாரம் என் மேசை காலியாக இருக்கும்.

சனிக்கிழமை வரை பதினோரு பேர் வரிசையில் நின்ற அறை அது. ஒருவனுக்குத் தொடைப் பிடிப்பு, ஒருவனுக்குக் கணுக்கால் வீக்கம், ஒருவன் படுத்தால் எழ முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொள்வான். திங்கட்கிழமை புதுக் கோச் வருகிறார், ஒருவனும் இல்லை. ஒரே ராத்திரியில் அத்தனை பேருக்கும் குணமாகிவிட்டது! முதல் பட்டியலில் பெயர் வராதவன் அந்த சீசன் முழுக்க பெஞ்சில்தான் என்று அவர்களுக்குத் தெரியும். மருந்துக் கடையில் தாங்களே வலி ஸ்பிரே வாங்குவார்கள். வீட்டிலேயே பேண்டேஜ் சுற்றி அதன்மேல் சாக்ஸ் போட்டு வருவார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் முதல் இரண்டு மேட்ச் ஜெயிப்பார்கள். கமிட்டி லட்டு கொடுக்கும். “பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் டீமுக்கே உயிர் வந்துவிட்டது” என்பார் தலைவர். நான்காவது வாரம் வரிசை என் அறைக்கு வெளியே வராந்தா வரை நிற்கும். அப்போது லட்டு கொடுத்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

இசக்கிமுத்து விஷயத்துக்கு வருகிறேன்.

பொன்முடிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். அப்பா இல்லை, அம்மா மட்டும். இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்த கால் என்பதாலோ என்னவோ, தொண்ணூறாவது நிமிஷத்திலும் முதல் நிமிஷம் போலவே ஓடுவான். அந்த வருஷம் மாநில அணி முகாமுக்கு அவன் பெயர் அடிபட்டது. கிளப் கோச் சிபாரிசு செய்தால் முகாம். முகாமில் தேறினால் மாநில அணி. மாநில அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். வேலை கிடைத்தால் அம்மாவை லயத்திலிருந்து இறக்கிக் கீழே நெடுமங்காட்டில் ஒரு வாடகை வீட்டிலாவது வைக்கலாம். இந்த ஏணியை அவன் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. மேசையில் படுத்துக்கொண்டு வேறு எதுவும் பேச மாட்டான்.

அவனுக்கு இடது கணைக்கால் எலும்பில் வலி தொடங்கியது. அடிபட்ட வலி அல்ல. ஓடி ஓடி எலும்பு களைத்துப் போய் உள்ளுக்குள் விரிசல் விடப் பார்க்கும் வலி. இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருந்த முறை ரொம்பச் சாதாரணம். ஆளைப் படுக்க வைத்து, முதலில் நல்ல காலைப் பார்ப்பேன். கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழிருந்து எலும்பின் விளிம்போடு அழுத்திக்கொண்டே ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக இறங்குவேன். பிறகு வலிக்கும் காலில் அதையே செய்வேன். அப்போது முகத்தைப் பார்க்கவே மாட்டேன். ஆட்டக்காரனின் முகம் கோச்சிடம் பொய் சொல்லிப் பழகியது. கால் விரல்களைப் பார்ப்பேன். வலிக்கும் இடத்தில் விரல் பட்டதும் பெருவிரல் தானாகச் சுருளும். அதை அடக்க இதுவரை ஒருவனாலும் முடிந்ததில்லை. அதன்பின் ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதிக்கச் சொல்வேன்.

இசக்கிக்கு விரல் சுருண்டது. ஸ்கேன் எடுத்தோம். எலும்பு இன்னும் பிளக்கவில்லை, ஆனால் பிளக்கத் தயாராக இருக்கிறது. ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். அப்போதிருந்த கோச் ஒரு முரட்டு ஆசாமி, வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தை. ஆனாலும் என் நோட்டைப் படித்துவிட்டு, “நீச்சல் குளத்துல கொண்டு போய்ப் போடுங்க அவனை, ஓடினான்னா கால நானே ஒடிப்பேன்” என்றார். இரண்டு வாரம் குளத்தில் போட்டேன். அந்த இரண்டு வாரத்தில் நான்கு மேட்ச் தோற்றோம். கமிட்டி கூடியது. முரட்டு ஆசாமி போய்விட்டார்.

வந்தவர் ரொம்ப நாகரிகமானவர். வெளி மாநிலம், வெளிநாட்டில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். உட்கார மாட்டார், நின்றுகொண்டேதான் பேசுவார். பேசுவதற்கு முன் இரண்டு தடவை கை தட்டுவார். எல்லாம் இங்கிலீஷ். முதல் மாதம் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாராம், ஜெர்ஸி நம்பர்தான். பெயரோடு பழைய கதையும் ஒட்டிக்கொண்டு வருமாம். தனக்கு எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். அன்று மாலையே பையன்கள் அவருக்குப் ‘பூஜ்யம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரிடம் ஏதாவது தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய டேப்லெட்டில் நேரம் பதிய வேண்டும். ஆளுக்கு ஏழு நிமிஷம்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் மேசை வழக்கம்போலக் காலி. இசக்கி மட்டும் வந்தான். வைத்தியத்துக்கு அல்ல.

“சார், செரியாயிட்டு சார். வலியே இல்ல, கேட்டோ. இன்னைக்கு நானும் எறங்குதேன்.”

“படு மக்கா, பாப்போம்.”

படுத்தான். கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். விரல் அந்த இடத்தில் பட்டது. பெருவிரல் சுருண்டது. குதிக்கச் சொன்னேன். பத்துத் தடவையும் குதித்தான். மேலுதடு முழுக்க வேர்வை முத்து முத்தாக நின்றது.

“இசக்கி, இன்னும் நாலு வாரம் இருக்கு.”

“நாலு வாரத்துல முகாம் முடிஞ்சிரும் சார். புது ஆளு என்னையப் பாக்கவே இல்லேன்னா எப்படி சார் பேரு எழுதுவாரு? ரெண்டே ரெண்டு நாளு. அவரு கண்ணுல பட்டுட்டேன்னா பொறவு நானே வந்து படுத்துருவேன்.”

“முடியாது” என்று சொல்லி நோட்டில் எழுதினேன். இடது கணைக்கால், அழுத்தினால் வலி, பயிற்சி கூடாது. நன்றாக அடிக்கோடும் இட்டேன். எழுதுவதில் எனக்கு எப்போதும் குறை இருந்ததில்லை.

ஒன்பது மணிக்கு உடைமாற்றும் அறையில் கூட்டம். ஆட்டக்காரர்கள், கோல்கீப்பர் பயிற்சியாளர், நான், விடுதிச் சமையல்காரர்கூட. நடுவில் ஓர் அட்டைப் பெட்டி, புது ஜெர்ஸிகள் வந்திறங்கிய பெட்டிதான். கோச் இரண்டு தடவை கை தட்டினார். இன்று இந்த கிளப்பின் முதல் நாள். பழைய குறிப்பு, பழைய அட்டவணை, பழைய புகார் எது இருந்தாலும் இந்தப் பெட்டியில் போடுங்கள் என்றார். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நானே கண்ணால் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அது ரொம்ப நியாயம் போலக் கேட்டது. முட்டாள்தனம் பலமுறை அந்தக் குரலில்தான் பேசும். கேப்டன் தன் உணவுப் பட்டியலைப் போட்டான். எந்த ஊர் ஆட்டக்காரன் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பான் என்று பல வருஷமாக எழுதிச் சேர்த்த நோட்டைக் கோல்கீப்பர் பயிற்சியாளர் போட்டார். சமையல்காரர் ஞாயிற்றுக்கிழமை மெனுவைப் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பெட்டி என் முன்னால் வந்தது.

கோச் என்னைப் பார்த்துக் கேட்டார்: “விளையாட முடியாதவர் யாராவது உண்டா?”

எதிர் பெஞ்சில் இசக்கி. என்னைப் பார்க்காமல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். பையன் வாழ்க்கை என்று கொஞ்சம் நினைத்தேன். அதைவிட அதிகமாக என்னை நினைத்தேன். புதுக் கோச்சுகள் தங்கள் சொந்த பிசியோவைக் கூட்டி வருவது வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் ஒரே மாதத்தில் வெளியே போனார். வந்த முதல் நாளே ‘முடியாது’ என்று நிற்கும் ஆளாக அவர் கண்ணில் பட எனக்கு மனமில்லை. வலியை மறைத்துக்கொண்டு ஓடும் பையன்களை வருஷக்கணக்காகக் கேலி பேசியவன் நான். அன்று நானும் அவர்களில் ஒருவன். புதுக் கோச்சுக்கு நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

“சில ரிப்போர்ட் இருக்கு சார், தனியாகப் பேசணும்” என்றேன்.

“நேரம் பதிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு எல்லோரும் தயார்தானே?”

“தயார் சார்” என்றேன். நோட்டைப் பெட்டியில் போட்டேன். அவர் டேப் ஒட்டி, மேலே மார்க்கரால் ஒரு பெரிய பூஜ்யம் போட்டார்.

எனக்கு வியாழக்கிழமை பத்து இருபதுக்கு நேரம் கிடைத்தது.

திங்கள் லேசான பந்துப் பயிற்சி. நான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செவ்வாய் சங்குமுகம் கடற்கரை மணலில் ஓட்டம். இசக்கி முதலாவதாக வந்தான். கோச் அவன் நம்பரைச் சொல்லிக் கை தட்டினார். நான் மணல் ஓரத்தில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு நின்றேன். நாளை மறுநாள் என் நேரத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். புதன்கிழமை காலை இரண்டு அணியாகப் பிரித்து ஆட்டம். இசக்கி இடது பக்கமாக மேலே ஏறிப் போய், உள்பக்கம் திரும்பி, வலது காலால் பந்தைக் கோல் முன்னால் தூக்கி அடிப்பதற்காக இடது காலை ஊன்றினான். அவன் பக்கத்தில் யாரும் இல்லை. ஒருவன்கூட அவனைத் தொடவில்லை. காய்ந்த தென்னை மட்டையை மிதித்த மாதிரி ஒரு சத்தம். நான் நின்ற இடம் வரை கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே கால் இன்னொரு இடத்தில் மடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் கோச் என்னைக் கூப்பிட்டார். அன்று நேரம் பதியச் சொல்லவில்லை.

“எனக்கு ஏன் சொல்லவில்லை?”

நான் ஸ்டோர் ரூமுக்குப் போய், கத்தியால் டேப்பைக் கிழித்து, நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். நின்றுகொண்டே படித்தார். இரண்டு தடவை படித்தார். அப்புறம் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“இது பெட்டியில் இருந்ததா?”

“ஆமாம் சார்.”

“நீங்களே போட்டீர்களா?”

“ஆமாம் சார்.”

கமிட்டி விசாரித்தது. பயிற்சியின்போது தற்செயலாக ஏற்பட்ட காயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தற்செயல் என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அவரும் ஒளிந்துகொண்டார், நானும் ஒளிந்துகொண்டேன், அவரைக் கூட்டி வந்த கமிட்டியும் ஒளிந்துகொண்டது. சீசன் முடியும் முன்பே அவரும் போய்விட்டார். கமிட்டி அடுத்த ஆளின் நாற்பது படத்தைப் பார்க்க உட்கார்ந்தது.

இசக்கியின் எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. ஓட்டம் போயிற்று. முகாம் அவன் கட்டிலில் கிடக்கும்போதே முடிந்தது. அம்மா லயத்தில்தான் இருக்கிறாள். கிளப் பெரிய மனசு பண்ணி அவனுக்கு மைதானத்தில் கோடு போடும் வேலை கொடுத்திருக்கிறது, தினக்கூலிக்கு. சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து நடந்து, இடது பக்கக் கோட்டை அவன்தான் போடுகிறான். ஒவ்வொரு புதுக் கோச்சிடமும் “நம்ம பழைய பிளேயர்” என்று அறிமுகம் செய்கிறார்கள். அவர்களும் கை குலுக்குகிறார்கள். காலைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வந்த கோச்சுகள் யாருக்கும் நான் நோட்டைக் கொடுக்கவில்லை, பெட்டியிலும் போடவில்லை. அவர்கள் வந்து இறங்குமுன்பே எல்லோர் காலையும் பார்த்துவிடுவேன். அறை வாசலில் உள்ள வெள்ளைப் பலகையில் இன்னின்னார் இறங்கக் கூடாது என்று பெரிதாக எழுதி என் கையெழுத்தையும் போட்டுவிடுவேன். பையன்கள் திட்டினார்கள். ஒரு கோச் என்னைப் போல ஒரு நெகட்டிவான மனுஷனைப் பார்த்ததில்லை என்று கமிட்டிக்கே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் நகலை வாங்கி வைத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

ஆக, செக்ரட்டரி சார், நீங்கள் கேட்ட நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. புது மேனேஜருக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. முதல் நாள் பிசியோ அறைக்குப் போங்கள். மேசை காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பூச்செண்டு கொடுக்க வருபவன் எப்படி நடந்து வருகிறான் என்று பாருங்கள்.

விழாவுக்கு நான் வர மாட்டேன். அதற்குக் காரணம் உங்கள் மேனேஜர் அல்ல.

அந்தத் திங்கட்கிழமை பெட்டியை ஒட்டிய பிறகு எல்லோரும் மைதானத்துக்கு இறங்கினார்கள். இசக்கி மட்டும் வராந்தாவில் எனக்காக நின்றான். என் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க மட்டும் வாயத் தொறந்திருந்தா என் கத முடிஞ்சிருக்கும்” என்றான்.

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ கால்களைச் சரி செய்து அனுப்பியிருக்கிறேன். அப்படி மனசார எனக்கு நன்றி சொன்னவன் அவன் ஒருவன்தான்.